பவுடர் மணம் பவுடருடையது அன்று

புதுச்சேரி நேரு வீதியில் சென்ட் விற்கும் கடைகளில் பழைய பாணி மலர் மணம் ஒன்றைக் காகிதப் பட்டையில் தெளித்து நீட்டினால், பலர் முகர்ந்த கையோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். “பவுடர் வாசனை அடிக்கிறதே” என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். குளித்து முடித்துக் கழுத்தில் தூவிக்கொள்ளும் டப்பாவில் இருப்பதே பாட்டிலிலும் இருக்கிறது என்றால் அதற்கு எதற்கு ஆயிரக்கணக்கில் பணம் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் கடன் வாங்கியது யார், கொடுத்தது யார் என்பது இங்கே மாறிப்போய்விடுகிறது. டப்பாவில் இருக்கும் மணம் வாசனைத் தொழிலின் படைப்பு. பவுடருக்கென்று சொந்த மணம் ஏதும் இல்லை.

டால்க் என்பது மக்னீசியமும் சிலிக்காவும் நீரும் சேர்ந்த கனிமம். நகத்தால் சுரண்டினாலே உதிரும். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்குக் கடைசி இடம், எண் 1. நம் வீட்டுக் கல்சட்டிகளைச் செதுக்குகிற மாக்கல்லில் பெரும்பகுதி இதே டால்க்தான். இன்னும் எண்ணெய் தடவிப் பழக்காத, புளி படாத புதுக் கல்சட்டியை முகர்ந்து பார்த்தால் மூக்குக்கு ஒன்றும் தட்டுப்படாது. பழங்காலப் பவுடர்களில் இருந்த அரிசி மாவுக்கும் சொல்லும்படியான மணம் இல்லை. அப்படியானால் நாம் பவுடர் வாசனை என்று அடையாளம் காண்பது எதை?

பதில் ஒரு கிழங்கில் தொடங்குகிறது. இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், புளோரன்ஸ் நகரைச் சுற்றிய சரிவுகளில், ஐரிஸ் என்ற செடியைப் பயிரிடுகிறார்கள். பூ அழகானது, ஆனால் வாசனைத் தொழிலுக்குப் பூ தேவையில்லை, மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்குதான் தேவை. பார்வைக்கு இஞ்சி போலிருக்கும் அந்தக் கிழங்கைத் தோண்டியவுடன் முகர்ந்தால் பச்சை மண் வாடைதான் வரும். தோல் சீவி, உலர்த்தி, மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ சாக்கில் வைத்துக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் கிழங்கின் உள்ளே இருக்கும் பொருள்கள் காற்றோடு மெல்ல வினைபுரிந்து ஐரோன் என்ற மணப்பொருளாக மாறுகின்றன. பிறகு பொடித்து நீராவியில் வடித்தால் ஒரு டன் உலர்கிழங்கிலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோ அளவுக்கு, அறை வெப்பத்தில் கெட்டியாக நிற்கும் ஐரிஸ் வெண்ணெய் கிடைக்கிறது. அதன் மணம் இனிப்பு, உலர்வு, மெல்லிய மண், கொஞ்சம் மாவு, கொஞ்சம் கேரட். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சீமான்களும் சீமாட்டிகளும் பொய்முடிக்குத் தூவிக்கொண்ட மாவில் கலந்தது இந்தக் கிழங்குப் பொடிதான். பின்னர் முகத்துக்கு அரிசிப் பவுடர் வந்தபோதும் அதே கிழங்கும் ரோஜாவும் வயலட் மலரின் மணமும் உடன் வந்தன. முகத்தில் மாவு பூசுகிற ஒவ்வொரு முறையும் மூக்குக்கு இந்த மணம் எட்டியதால், தலைமுறைகள் கடந்ததும் மாவுக்கே அந்த மணம் என்று மனம் முடிவு கட்டிவிட்டது.

ஐரிஸ் கிழங்கின் மணமும் வயலட் பூவின் மணமும் நெருங்கிய உறவு. ஆனால் வயலட் பூவிலிருந்து கிடைக்கும் எண்ணெய் மிகச் சொற்பம். விலை யாருக்கும் கட்டுப்படியாகாது. பெர்லினில் ஃபெர்டினான்ட் டீமான், பால் குரூகர் என்ற வேதியியலாளர்கள் வயலட் மணத்தின் ரகசியத்தைத் தேடியபோது, பூவை விட்டுவிட்டு ஐரிஸ் கிழங்கைக் கையில் எடுத்தார்கள். ஐரோனைச் செயற்கையாகச் செய்ய முயன்ற அந்த உழைப்பின் விளைவாக 1893-ல் அயனோன் கிடைத்தது. அது ஐரோன் அல்ல. ஆனால் வயலட்டை அப்படியே மூக்கின் முன் நிறுத்தியது. (ஐரோனின் சரியான அமைப்பு தெளிவாக இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. அதைக் கண்டறிந்த லியோபோல்ட் ருசிக்காதான் புனுகின் மணப்பொருளான சிவெட்டோனின் அமைப்பையும் 1926-ல் விளக்கியவர். 1939-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்.)

இந்த இடத்தில் தென்னிந்தியாவும் கதைக்குள் வருகிறது. அயனோன் செய்யச் சிட்ரால் வேண்டும். சிட்ராலை அசிட்டோனுடன் சேர்த்துப் பின் அமிலத்தில் வினைப்படுத்தினால் அயனோன் பிறக்கும். சிட்ரால் நிறைந்த இயற்கைப் பொருள் எலுமிச்சைப்புல் எண்ணெய். உலகச் சந்தையில் கொச்சி எண்ணெய் என்றே பெயர் பெற்ற கேரளத்துப் புல்லெண்ணெயில் எழுபது, எண்பது விழுக்காடு சிட்ரால்தான். பாரிஸ் சீமாட்டியின் கைக்குட்டையில் மணத்த வயலட்டின் ஒரு நுனி மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் வளர்ந்த புல்லில் இருந்தது என்பதை நம்மில் அதிகம் பேர் அறியாதது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அயனோனுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. முகர்ந்த சில நொடிகளில் மூக்கு அதற்குச் சோர்ந்துவிடும். மணம் காணாமல் போகும். சற்று நேரம் கழித்துத் திரும்ப வரும். இன்னொரு செய்தி அதைவிட முக்கியமானது. பீட்டா அயனோனை எல்லோரும் ஒரே மாதிரி உணர்வதில்லை. ஒரே ஒரு மணமறியும் மரபணுவில் உள்ள சிறு வேறுபாடுதான் காரணம் என்று 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. சிலருக்கு அது தெளிவான பூமணம்; சிலருக்குப் புளித்த, காரமான வாடை, அல்லது ஒன்றுமே இல்லை. ஆகவே ஒரே சென்ட்டை அம்மா நேசிப்பதும் மகள் தாங்க முடியாமல் ஜன்னலைத் திறப்பதும் ரசனைக் கோளாறு என்று சண்டை போட வேண்டியதில்லை.

அதே காலத்தில் மற்றக் கூட்டாளிகளும் சேர்ந்தன. 1868-ல் ஆங்கில வேதியியலாளர் பெர்க்கின் கூமரினைச் செயற்கையாகச் செய்தார். அதன் மணம் காய்ந்த வைக்கோலும் பாதாமும் கலந்தது. 1874-ல் டீமானும் ஹார்மனும் வனிலினைத் தந்தார்கள். ஹீலியோட்ரோப் பூவை நினைவூட்டும் ஹீலியோட்ரோபின் வந்தது. 1888-ல் ஆல்பர்ட் பவுர், வெடிமருந்துப் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த வழியில், கஸ்தூரி மணம் தரும் நைட்ரோ சேர்மத்தைக் கண்டார். அயனோன், ஹீலியோட்ரோபின், வனிலின், கூமரின், கஸ்தூரி. இந்த ஐந்தையும் ஒரு மலர்க் கலவையின் அடியில் வைத்தால் பவுடர் எழும். இவற்றில் பெரும்பாலானவை மெதுவாக ஆவியாகும் பொருள்கள். ஈரமான, பச்சையான, புளிப்பான சாயல் எதுவும் இவற்றில் இல்லை. அதனால்தான் மூக்குக்கு உலர்வு, மென்மை, இனிப்பு மூன்றும் ஒன்றாகத் தெரிகின்றன. மீதியை நினைவு பார்த்துக்கொள்கிறது.

இவற்றை முதலில் துணிந்து பயன்படுத்தியவர்களில் பிரான்சுவா கோட்டி முக்கியமானவர். 1905-ல் அவர் வெளியிட்ட ‘லோரிகான்’ கார்னேஷன், ஆரஞ்சுப் பூ, வயலட் ஆகியவற்றை இனிப்பான அடித்தளத்தில் நிறுத்தியது. கோட்டி வெறும் வாசனைக் கலைஞர் அல்லர், கைதேர்ந்த வியாபாரி. அதே மணத்தை முகப் பவுடரிலும் சேர்த்து விற்றார். பாட்டில் வாங்க முடியாதவள் பவுடர் டப்பா வாங்கினாள். பாட்டிலின் மணம் பரந்த மக்களிடம் பவுடராகச் சென்று சேர்ந்தது. நம் மூக்கில் இன்று வரை நிற்கும் அந்தப் பிணைப்பு இறுகியது இங்கேதான் என்பது என் கணிப்பு.

பிரஞ்சு வாசனை நிறுவனமான கெர்லான் இல்லத்தின் ழாக் கெர்லான் 1906-ல் ‘ஆப்ரே லோந்தே’, 1912-ல் ‘லெர் ப்ளூ’ என்ற இரண்டையும் படைத்தார். இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அதன் தொடக்கத்தில் சோம்பு மணக்கும். உடனே கிராம்பின் காரம் கலந்த கார்னேஷன், ஆரஞ்சுப் பூ. அதன் கீழே ஹீலியோட்ரோபினும் ஐரிஸும். கடைசியில் வனிலாவும் சாம்பிராணிப் பிசினும். சோம்பு, கிராம்பு, சாம்பிராணி என்று பட்டியலிட்டால் பெரிய மார்க்கெட்டுக்குள் இருக்கும் நாட்டு மருந்துக் கடை நினைவுக்கு வரும். புதுச்சேரி மூக்குக்கு இது அந்நிய மணமே அல்ல. முன்பே தெரிந்த பொருள்கள், தெரியாத வரிசையில் வருகின்றன. பவுடர் மலர் வகையில் எதை முதலில் முகர வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

1921-ல் எர்னஸ்ட் போ அமைத்த ‘ஷனேல் 5’ இன்னொரு வழியைக் காட்டியது. தென் பிரான்சின் கிராஸ் நகரத்து மல்லிகையும் ரோஜாவும் ஏராளமாக இருந்த அந்தக் கலவையில் ஆல்டிஹைடுகள் என்ற செயற்கை மணப்பொருள்களையும் தாராளமாகச் சேர்த்தார். அணைத்த மெழுகுவத்தியும் சூடான இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தால் வரும் ஒரு சுத்தமான வெப்பம் அவற்றில் உண்டு. அயனோனும் ஐரிஸும் கஸ்தூரியும் அடியில் இருக்க, மேலே ஆல்டிஹைடு மின்ன, புதிதாகச் சலவை செய்த உடை மேல் தூவிய பவுடர் என்ற எண்ணம் பிறந்தது. கிராஸ் மல்லிகை என்று பிரஞ்சுக்காரர்கள் பெருமையோடு சொல்லும் பூ நம் ஜாதிமல்லியேதான். தாவர இனம் ஒன்று. இன்று கோவை, சத்தியமங்கலம் பக்கத்து ஆலைகள் ஜாதிமல்லியையும் குண்டுமல்லியையும் கரைப்பானில் ஊறவைத்து மெழுகு போன்ற ‘கான்கிரீட்’ எடுக்கின்றன. ஆயிரம் கிலோ பூவுக்கு மூன்று கிலோவை ஒட்டிக் கிடைக்கும் அது வாசனைத் தொழிலுக்காகக் கடல் கடந்து போகிறது.

பூ என்றால் அதில் மணம் இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2000-ல் அல்பெர்தோ மொரியாஸ் கென்ஸோ நிறுவனத்துக்காகச் செய்த ‘ஃப்ளவர்’ பாட்டிலில் நிற்பது சிவப்புப் பாப்பி மலர். பாப்பிக்கு மணமே கிடையாது. அதற்கு வயலட், ரோஜா, வனிலா, வெண்கஸ்தூரி சேர்ந்த பவுடர் மணத்தைக் கற்பனையில் கொடுத்தார் மொரியாஸ். கதம்பம் தொடுக்கிற நம்மூர்ப் பூக்காரப் பெண்மணிக்கு இந்த உத்தி புதிதல்ல. கனகாம்பரத்துக்கு மணம் இல்லை. நிறத்துக்காக அதை வைத்து, மணத்துக்கு மரிக்கொழுந்தையும் மல்லியையும் இடையில் சேர்ப்பார்கள். சூடிய பெண்ணின் தலையில் கனகாம்பரமும் மணப்பதாகவே நமக்குத் தோன்றும்.

புதுச்சேரிக்கு இந்த வகை மணம் வந்து சேர்ந்த வழி மற்ற தமிழ் ஊர்களுக்கு வாய்க்காதது. 1954 நவம்பர் 1 வரை பிரஞ்சு ஆட்சி. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. பிரஞ்சுப் படையில் பணியாற்றியவர்களை இங்கே சொல்தா என்பார்கள். அந்தச் சொல்தா குடும்பங்களிலும், பிரஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பிள்ளைகளைப் பிரான்சுக்கு அனுப்பிய குடும்பங்களிலும், விடுமுறைக்கு வரும் அத்தையின் பெட்டியில் ஒரு சென்ட் பாட்டில் கட்டாயம் இருக்கும். அது அலமாரிக்குள் போய்விடும். ஈஸ்டருக்குச் சம்பா கோவிலுக்கோ கப்ஸ் கோவிலுக்கோ போகையில், திருமணத்தில், பிரான்சின் தேசிய நாளான சூலை 14 விழாவில் இரண்டு சொட்டு வெளியே வரும். அவர்கள் வாங்கி வந்தவை பெரும்பாலும் அந்தந்தக் காலத்துப் புகழ்பெற்ற மணங்கள். அவற்றில் பவுடர் மலர் வகைக்குப் பெரும் பங்கு இருந்தது. ஆகவே இந்த ஊரில் அந்த மணத்துக்கு உடுப்பு, ஜபமாலை, பட்டுச் சேலை, விருந்துக் கூடம் என்று ஒரு முழு உலகமே உண்டு.

இருபது கிலோமீட்டர் தெற்கே கடலூரில் அதே மணம் வேறு வாசல் வழியாக வந்தது. சந்தனம், மல்லிகை, ஜவ்வாது என்று ஏற்கெனவே நிறைந்திருந்த வீட்டுக்குள் டால்கம் பவுடர் டப்பா நுழைந்தது. சீர்வரிசைத் தட்டில் கண்ணாடிக்கும் சீப்புக்கும் பக்கத்தில் அமர்ந்தது. குழந்தையைக் குளிப்பாட்டியதும் கை நிறைய எடுத்துத் தடவினார்கள். மாலையில் விளக்கேற்றும் முன் முகம் கழுவிய பெண்கள் பூசிக்கொண்டார்கள். பிறந்தவுடன் முகர்ந்த மணம், அம்மாவின் கழுத்து மணம், பாட்டியின் புடவை மணம் எல்லாம் ஒன்றாகிவிட்டன. இன்றைய இளம்பெண் இந்த வகைச் சென்ட்டைப் பாட்டி வாசனை என்று ஒதுக்குவதன் வேர் அங்கே இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாட்டியின் நகையை வாங்கி அணிகிறோம், பாட்டியின் பட்டை வெட்டி ரவிக்கை தைக்கிறோம். மணம் மட்டும் ஏன் வயதாகிப்போனதாகக் கணக்கில் வர வேண்டும்? 1992-ல் ‘ஏஞ்சல்’ என்ற சென்ட் வந்த பிறகு எத்தில் மால்டால் என்ற மணப்பொருள் தரும் பஞ்சுமிட்டாய் இனிப்புதான் இளமை என்று சந்தை சொல்லிக்கொண்டிருக்கிறது. இன்று அதை அணியும் பெண்களும் ஒருநாள் பாட்டியாவார்கள். அன்று அதுவும் பாட்டி வாசனையாகும்.

கடலூருக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கு உண்டு, அது மண்ணோடு சேர்ந்தது. கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு போன்ற கரையோர ஊர்களின் மணற்பாங்கான நிலத்தில் வெட்டிவேர் பயிராகிறது. மணலில் வேர் தடையில்லாமல் ஆழமாக இறங்கும், அறுந்துபோகாமல் பிடுங்கவும் வரும். ஓராண்டு சென்ற பின் தோண்டிக் கழுவி உலர்த்துகிறார்கள். மாலையாகவும் விசிறியாகவும் பானைத் தண்ணீரில் போடும் வேராகவும் நாம் அதை அறிவோம். நீராவியில் பல மணி நேரம் வடித்து எடுக்கும் அதன் எண்ணெய் வாசனைத் தொழிலின் தூண்களில் ஒன்று. அந்தப் புல்லின் தாய்நிலம் இந்தியா. இன்று எண்ணெய் உற்பத்தியில் முன்னால் நிற்பது ஹைத்தி. 1970களின் தொடக்கத்தில் ஆன்ரி ரொபேர் அமைத்த ‘ஷனேல் 19’ ஐரிஸையும் வெட்டிவேரையும் அடுத்தடுத்து உட்கார வைத்தது. இரண்டும் மண்ணுக்கடியில் விளைபவை. வெட்டிவேரின் குளிர்ந்த மண்மணம் ஐரிஸின் இனிப்பைக் கட்டுப்படுத்துகிறது. மேலே கால்பனம் பிசினின் பச்சை. பவுடர் மணம் என்றாலே திகட்டும் என்பவர்களுக்கு அதைவிட நல்ல மறுப்பு இல்லை. கோடையில் வெட்டிவேர்த் தட்டியின் மணத்தோடு வளர்ந்தவர்களுக்கு அது உடனே பிடிபடும்.

ஒரு பயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். டால்க் பற்றிய சுகாதாரக் கேள்விகள் உண்மையானவை. ஜான்சன் அண்ட் ஜான்சன் 2023-ல் உலகம் முழுவதும் டால்க் கலந்த குழந்தைப் பவுடர் விற்பனையை நிறுத்திச் சோள மாவுக்கு மாறியது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-ல் டால்க்கைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம் என்ற வகையில் சேர்த்தது. ஆனால் பவுடர் மணமுள்ள சென்ட்டில் டால்க் ஒரு துளியும் இல்லை. அது ஆல்கஹாலில் கரைந்த மணப்பொருள்.

பழைய பாட்டிலில் இருந்த அதே மணம் இன்று அதே பெயரில் வாங்கும் பாட்டிலில் இல்லை என்று புதுச்சேரியின் மூத்த பெண்கள் குறைசொல்வதுண்டு. அவர்கள் சொல்வது சரி. நைட்ரோ கஸ்தூரிகளில் ‘மஸ்க் ஆம்பிரெட்’ போன்றவை தோலுக்கும் நரம்புக்கும் தீங்கு என்று தெரிந்து விலக்கப்பட்டன; வேறு செயற்கைக் கஸ்தூரிகள் வந்தன. புனுகின் இடத்தைச் செயற்கைப் பொருள் பிடித்தது. மைசூர்ச் சந்தனம் அரிதாகிவிட்டது. ஐரிஸ் வெண்ணெயின் விலை தாங்காமல் பல கலவைகளில் அதன் இடத்தில் அயனோன் வகைகளே நிற்கின்றன. கெட்ட மாற்றம் என்று எல்லாவற்றையும் சொல்ல மாட்டேன்; புனுகுப் பூனையைக் கூண்டில் அடைத்துச் சுரண்டாமல் மணம் கிடைப்பது நல்லதே. ஆனால் சந்தனத்தின் பால்மணம் போனதை ஈடுசெய்ய இன்னும் எதுவும் வரவில்லை.

நம் கடற்கரை வெப்பத்தில் இந்த மணத்தைப் பூசும் முறை பாரிஸ் முறை அன்று. ஏப்ரல், மே மாதப் புழுக்கத்தில் எலுமிச்சை, பழ மணங்கள் நிமிடங்களில் பறந்துவிடும்; கனமான பவுடர் அடித்தளம் மட்டும் வியர்வையோடு கூடி வீங்கி நிற்கும். ஆகவே பாதி அளவு போதும். கழுத்தைவிட முழங்கைக் குழி, கணுக்கால், பருத்திச் சேலை முந்தானையின் உட்பக்கம் நல்ல இடங்கள். வெள்ளைப் பட்டிலும் வெளிர்ப் பட்டிலும் தெளிக்க வேண்டாம், வனிலின் நாளடைவில் பழுப்புக் கறை விடும். வேறு மணமுள்ள டால்கம் பவுடரை அதன் மேல் கொட்டினால் இரண்டும் கெடும். மல்லிகைப் பூவோடு சேர்த்துக்கொள்வதில் தடையே இல்லை. குண்டுமல்லியில் இண்டோல் என்ற பொருள் உண்டு. பூ வாடும்போது மேலெழும் அந்தக் கனத்த மணத்தை ஐரிஸும் கஸ்தூரியும் பதப்படுத்திவிடும். பாட்டிலை ஜன்னலோரமும் குளியலறையிலும் வைக்காமல் இருட்டான அலமாரியில் வையுங்கள்; உப்புக் காற்றைவிட வெளிச்சமும் சூடும்தான் அதற்கு எதிரி.

வாங்கும் முன் கடையில் முகர்ந்த உடனே முடிவு செய்யாதீர்கள். காகிதத்தில் முதல் கால் மணி நேரம் தெரிவது ஆல்டிஹைடும் பழமும்தான். ஐரிஸும் ஹீலியோட்ரோபினும் கஸ்தூரியும் பேசத் தொடங்க ஒரு மணி நேரமாவது ஆகும். மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு மார்க்கெட் வேலை முடித்து வீட்டுக்குப் போங்கள். அயனோன் உங்கள் மூக்கிலிருந்து இடையிடையே மறையும் என்பதால், மணம் நிற்கிறதா என்று வீட்டில் இருக்கும் இன்னொருவரிடம் கேளுங்கள். முடிந்தால் இரண்டு பேரிடம். அவர்களில் ஒருவருக்கு அந்த மரபணு வேறாக இருக்கலாம்.